ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டால் போதுமா?

ஜூன் 14, 2024

வாசகி ஒருவரின் கேள்வி: "என் மகளுக்கு 8 வயது. சிபி (செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால் உடல் அசைவில் வரும் குறைபாடு). வாக்கர் பிடித்து நடப்பாள். எங்கள் அடுக்ககப் பிள்ளைகள் இப்போது அவளை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆனால் ஒப்புக்குச் சப்பாணியாக. யாரும் துரத்துவதில்லை, தொட்டாலும் அவுட் இல்லை. இதுவே பெரிய விஷயம், சந்தோஷப்படு என்கிறார் என் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. பேராசைப்படுகிறேனா?"

ஜூன் 14, இரவு

பேராசை எல்லாம் இல்லை. ஒப்புக்குச் சப்பாணி என்பது மூன்று வயதுத் தம்பி தங்கைகளுக்கு உண்டான இடம். "அவனையும் சேத்துக்கோடி" என்று அம்மா மாடியிலிருந்து கத்துவதால் பெரிய பிள்ளைகள் வேறு வழியில்லாமல் கொடுப்பது. நாம் எல்லோரும் அதில் ஆரம்பித்தவர்கள்தான். ஐந்து ஆறு வயதில் நம்மை ஒரு நாள் நிஜமாகவே அவுட் ஆக்கினார்கள், அழுதுகொண்டே வீட்டுக்குப் போனோம், மறுநாளிலிருந்து நாமும் ஆள். உங்கள் மகளுக்கு எட்டு வயதாகியும் அந்த அழுகை கிடைக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

என் மகனுக்கு 9. அவனுக்கும் சிபி, ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா என்ற வகை. கால் இரண்டும் இறுக்கம், கை பரவாயில்லை, வாய் தேவைக்கு அதிகம். வீடு சென்னை நங்கநல்லூரில், கீழே தூண்களுக்கு நடுவில் கார் நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங் உள்ள பழைய அடுக்ககம். மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன், குக்கர் கூப்பிடுகிறது.

ஜூன் 16

"முதலில் பூங்காவில் சிறப்பு ஊஞ்சல் போடச் சொல்லிப் போராடுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன்.

ஊஞ்சலுக்கு முன்னால் வாசலைப் பாருங்கள். மாடும் பைக்கும் நுழையக்கூடாது என்று பல பூங்காக்களில் வாசலில் கம்பியை வளைத்து வைத்திருப்பார்கள். மாடு வேறு வழி கண்டுபிடித்துவிடும். வாக்கரும் சக்கர நாற்காலியும்தான் நிற்கும். அதைத் தாண்டினால் ஊஞ்சலைச் சுற்றிலும் மணல். விழுந்தால் அடிபடாது, சரி, ஆனால் மணலில் சக்கரம் உருளாது. சறுக்குமரத்துக்கு ஏணிப்படி. சாய்தளம் வைத்தால்கூட பைக் தள்ளுவதற்கு வைத்த மாதிரி செங்குத்தாக வைப்பார்கள். கணக்கு என்னவோ எளிதுதான்: ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். எங்கள் அடுக்ககத்துச் சாய்தளம் அந்தக் கணக்கில் பாதிகூட வராது. மேலே ஏறும்போது நான் பின்னால் நிற்பேன், இறங்கும்போது முன்னால்.

நன்றாகச் செய்த இடமும் இருக்கிறது. சாந்தோம் நெடுஞ்சாலையில் மாநகராட்சி அமைத்த, எல்லாப் பிள்ளைகளுக்குமான விளையாட்டுத் திடலைப் போய்ப் பாருங்கள். இந்த யோசனையை ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர்களில் பெங்களூரின் கிளிகிளி முக்கியமானது, ஊனமுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து தொடங்கியது. இப்படிப்பட்ட திடல்களில் நான் தேடுவது முதுகுச் சாய்மானமும் பெல்ட்டும் உள்ள ஊஞ்சல், தரையோடு தரையாகப் பதித்த ராட்டினம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் மணல் மேசை. ராட்டினம்தான் எனக்கு முதல். அதில் ஏறியதும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வேகம், ஒரே தலைசுற்றல்.

மீதிப் பாதி: சாந்தோம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாள் மாலை ஐந்து மணிக்கு அவன் கூட்டாளிகள் இருப்பது ஸ்டில்ட்டில், இரண்டு கார்களுக்கு நடுவில்.

ஜூன் 17

ஊஞ்சல் பற்றி விட்டுப்போனது. ஒரு பூங்காவில் சிறப்பு ஊஞ்சல் இருந்தது, பூட்டோடு. மற்ற பிள்ளைகள் ஆடிக் கெடுத்துவிடுவார்களாம். சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். திறந்ததும் அதில் என் மகன் மட்டும் ஆடினான், பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். இரண்டே நிமிடத்தில் இறக்கச் சொல்லிவிட்டான். பூங்காவின் பெயர் வேண்டாம், விடுங்கள்.

ஜூன் 23

இப்போது கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஸ்டில்ட்டில் ஒப்புக்குச் சப்பாணி எப்படிப் போனது என்றால், கல்லா மண்ணாவில்.

அங்கே ஓரமாகத் தூண்களைச் சுற்றிய திட்டுகள் கல், கார் நிற்கும் தரை மண். பிடிக்கிறவர் 'மண்' என்றால் தரையில் நிற்பவர்கள் மாட்டுவார்கள். என் மகனால் திட்டில் ஏற முடியாது. ஆகவே எப்போதும் மண், எப்போதும் ஒப்புக்கு. ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சண்டைக்காரி, தானே சொன்னாள்: "அவன் வாக்கர் நிக்கிற இடம் கல்லு. பிரேக் போட்டாதான் கல்லு. உருண்டா மண்ணு." அவ்வளவுதான். அவனைத் துரத்த ஆரம்பித்தார்கள். பிரேக் போடுவதற்குள் தொட்டால் அவுட்.

கொஞ்ச நாளில் மற்றவர்கள் ஓடிவந்து அவன் வாக்கரைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள், நடமாடும் கல் கிடைத்துவிட்டதே! நான்கைந்து பேர் தொங்கினால் வாக்கர் என்னாகும்? மாடியிலிருந்து நான் கத்தப் போனேன். அதற்குள் அவனே சட்டம் போட்டான்: ஒரு நேரத்தில் ஒருத்தர்தான், யார் என்று முடிவு செய்வது அவன். அன்று முதல் அவனுக்கு ஸ்டில்ட்டில் ஒரு செல்வாக்கு வந்தது. லஞ்சமாகச் சாக்லேட்கூட வாங்கியதாகக் கேள்வி.

ஜூன் 24

என் மகள் (13) இதைப் படித்துவிட்டு இரண்டு திருத்தம் சொன்னாள். பிரேக் சட்டம் போட்டது அந்தச் சண்டைக்காரி மட்டும் இல்லையாம், அவளும் இவளும் சேர்ந்து யோசித்ததாம், பெயர் மட்டும் அவளுக்குப் போய்விட்டதாம். சாக்லேட் இல்லை, ஹாட் வீல்ஸ் கார்.

வாக்கர் விவரம் கேட்டவருக்கு: பின்பக்கம் வைத்து இழுத்துக்கொண்டு போகும் வகை. முன்னால் கம்பி கிடையாது என்பதால் பந்தை உதைக்கலாம், எறியலாம், இன்னொரு பிள்ளைக்கு நேராக நிற்கலாம். முன்பக்க வாக்கரில் எப்போதும் நடுவில் ஒரு வேலி. ஆனால் எது பொருந்தும் என்று உங்கள் பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னேன் என்று வாங்கிவிடாதீர்கள்.

ஜூலை 7

வாசகி இன்னொன்று கேட்டிருக்கிறார், மூத்த பிள்ளையைத் துணைக்கு அனுப்பலாமா என்று.

நானும் அனுப்பினேன், வருஷக்கணக்கில். "தம்பியப் பாத்துக்கோ" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஒரு வரியில் அவளுடைய விளையாட்டு போய்விடும். கண்ணாமூச்சியில் அவளால் தூரமாக ஒளிய முடியாது. தம்பி விழுந்தால் எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள். அவன் அழுதால் வீட்டில் முதல் கேள்வி அவளுக்கு. ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள், "அம்மா, நான் விளையாடப் போறேனா, வேலைக்குப் போறேனா?" என் கணவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு: வாரத்தில் சில நாள் அவள் கீழே போகவே வேண்டாம், அல்லது போனாலும் தம்பி அவள் பொறுப்பு இல்லை. அந்த நாட்களில் வாட்ச்மேன் அண்ணா ஒரு கண் வைத்துக்கொள்வார், நான் முதல் மாடி பால்கனியில் கீரை ஆய்வேன். விழுந்தால் எழுந்திருக்க அவனுக்குத் தெரியும், தூணைப் பிடித்து. நேரமாகும். பிள்ளைகள் காத்திருப்பார்கள், இல்லையென்றால் காத்திருக்காமல் ஆடுவார்கள். இரண்டும் நடந்திருக்கிறது.

அக்கா இல்லாத நாட்களில்தான் அவன் வாய் அதிகம் நீண்டது. அவனுக்காகப் பேச ஆள் இல்லையே.

ஜூலை 9

சின்னக் குறிப்பு. எங்கள் வீட்டில் அவனிடம் வேண்டுமென்றே தோற்காத ஒரே பெரியவர் என் மாமியார்தான். பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு சோழி சேர்ந்து பசு ஆனால் கண்ணைச் சிமிட்டாமல் அள்ளிக்கொள்வார். "அத்தை, சின்னப் பிள்ளை" என்றால், "சோழி எண்ணத் தெரிஞ்சவனுக்குத் தோக்கவும் தெரியணும்" என்பார். அவரும் அழுகுணி ஆட்டம் ஆடுவார் என்பது வேறு கதை. இருவரும் சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்ததுண்டு.

ஆகஸ்ட் 4

ஜூனில் நான் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சிபி பிள்ளைகளுக்கு நடக்கும்போது செலவாகும் சக்தி மற்றவர்களைவிட மிக அதிகம். பலருக்கு இரண்டு மூன்று மடங்கு. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு காலப்போக்கில் வளர்வதில்லை, ஆனால் பிள்ளை வளர்கிறது, எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை நீள்வதில்லை. ஆகவே போன வருஷம் முடிந்தது இந்த வருஷம் கடினமாகலாம். அதோடு சென்னை வெயில், காலில் முழங்கால் வரை பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட், உள்ளே சாக்ஸ். அரை மணி ஆடினால் சாக்ஸைப் பிழியலாம். ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அழுவான்.

போன வாரம் பள்ளி முடிந்து களைத்து வந்தான். கீழே போய் அவனே அறிவித்தானாம்: "இன்னிக்கு நான் ஒப்புக்கு." யாரும் ஒன்றும் சொல்லவில்லை. துரத்தலும் இல்லை, அவுட்டும் இல்லை, நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தான். மறுநாள் "இன்னிக்கு நிஜம்" என்று இறங்கினான். இன்னும் வேடிக்கை, காய்ச்சல் விட்டு வந்த ஒரு பையன், தேர்வுக்கு முன்னால் கை சுளுக்கக்கூடாது என்று ஒரு பெண், இவர்களும் "நான் ஒப்புக்கு" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆக, அந்த இடமே கெட்டது என்று நான் ஜூனில் எழுதியது அப்படியே நிற்காது. வெளியே வர வழியில்லாமல் ஒரே பிள்ளையை அதில் உட்கார வைப்பதுதான் கெட்டது. உங்கள் மகளிடமே கேட்டுப் பாருங்கள், அவளுக்கு எந்த நாளில் எது வேண்டும் என்று. நாம் இருவரும் இவ்வளவு எழுதியும் அவளிடம் கேட்டதாக நீங்கள் எங்கும் எழுதவில்லை. (அந்தச் சொல்லின் பின்பாதி எனக்கும் குத்தும். பிள்ளைகள் 'ஒப்புக்கு' என்று சுருக்கிவிட்டார்கள், அதுவே போதும்.)

ஆகஸ்ட் 5

"விளையாட்டையே பிசியோவாக மாற்றிவிடலாமே" என்று கேட்டவருக்கு: தயவுசெய்து வேண்டாம். காலை நீட்டி உட்காருவது, சுவரைப் பிடித்து நிற்பது எல்லாம் காலையில் நடக்கிறது, முனகிக்கொண்டே. மாலையிலும் "முழங்காலை நிமிர்த்து" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தால் அது என்ன விளையாட்டு? மற்ற பிள்ளைகள் ஓடும்போது யாராவது தொடைத்தசையைப் பற்றிப் பேசுகிறார்களா?

செப்டம்பர் 4

யாராவது பாரிஸ் பாராலிம்பிக் பார்த்தீர்களா? வீட்டில் இரண்டு நாளாக டிவி, மொபைல் எதுவும் என் கையில் இல்லை. பாட்மிண்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், இன்னொரு பிரிவில் நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலுக்கும் வெண்கலம். 2016-இல் ரியோவில் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, இது மூன்றாவது. நான்கு பேரும் தமிழ்நாடு. என் மகள் பாட்மிண்டன் மட்டையைத் தூசு தட்டிவிட்டாள்.

மகன் கவனித்தது வேறு. "அம்மா, இவங்க யாரும் என்ன மாதிரி இல்ல." சரிதான், அங்கே ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள். தேடிப் பார்த்துப் போச்சா (Boccia) என்ற பந்தாட்டத்தைக் காட்டினேன். சிபி உள்ளவர்களை மனதில் வைத்து வளர்ந்த ஆட்டம், 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது, ஒலிம்பிக்கில் இதற்கு இணையே கிடையாது. உட்கார்ந்துதான் ஆட வேண்டும். ஒரு வெள்ளைப் பந்து, ஆறு சிவப்பு, ஆறு நீலம். வெள்ளைக்கு யார் அருகில் போடுகிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. கோலி ஆடியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

செப்டம்பர் 15

போச்சா பந்து வாங்கவில்லை, விலையைப் பார்த்துவிட்டு. பழைய சாக்ஸில் கேழ்வரகு போட்டு இறுக்கித் தைத்தோம். நிஜப் பந்து சுமார் 275 கிராம், சமையலறைத் தராசில் அந்த எடைக்கே நிறுத்தோம். அரிசி போட்டுப் பார்த்தால் பந்து கல்லாட்டம் நிற்கிறது, கேழ்வரகு நன்றாக உருளுகிறது. ஆடுகளம் 12.5 மீட்டருக்கு 6 மீட்டர், நம் ஸ்டில்ட்டில் மூன்று கார் வெளியே போயிருந்தால் கிட்டத்தட்ட வரும். எல்லோருக்கும் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியை விட்டு எழுந்தால் அந்தப் பந்து செல்லாது.

இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று. கையால் எறிய முடியாதவர்கள் சாய்வான குழாய் போன்ற ஒன்றில் பந்தை உருட்டலாம், அதை நகர்த்த ஒரு உதவியாளர் உண்டு. ஆனால் அவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது. இடமா வலமா என்று ஆடுகிறவர் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். இதைப் படித்ததும் என் மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மறுநாளே பால்கனி நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டான். நான் திருப்பிப் போட்டுக்கொண்டேன், அது வேறு.

அக்டோபர் 20

காரில் கீறல். பந்தால் இல்லை, வாக்கரால் என்று ஒருவர் புகார். அடுக்ககக் கூட்டத்தில் "விளையாடப் பூங்கா இருக்கே, பார்க்கிங் எதுக்கு?" என்றார்கள். ஒருவர், "உங்க பையனுக்கு மட்டும் விதிவிலக்குன்னா எல்லாரும் கேப்பாங்க" என்றார். விதிவிலக்கு கேட்கவில்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐந்திலிருந்து ஆறரை வரை இடம் கேட்கிறோம் என்றேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐநா உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றிருக்கிறது. அதன் 30-ஆம் பிரிவு, ஊனமுள்ள பிள்ளைகளுக்கும் மற்றவர்களோடு சமமாக விளையாட்டு கிடைக்க வேண்டும் என்கிறது. இதைச் சொன்னதும் கூட்டத்தில் அமைதி. அந்த அமைதிக்கு அர்த்தம் மரியாதை இல்லை, அலுப்பு. காரியம் நடந்தது வேறு வழியில். நான்கு பிள்ளைகளின் அம்மாக்கள் எழுந்து "எங்க வீட்டுலயும் மாலையில ஒரு மணி நேரம் மொபைல் இல்லாம இருக்குறது இதனாலதான்" என்றார்கள். தீர்மானம் நிறைவேறியது. கார்க்காரரைக் காருக்கு ஒரு உறை போடச் சொன்னோம், செலவில் பாதி எங்களுடையது.

டிசம்பர் 3

ஃபெஞ்சல் புயல் மழையில் ஸ்டில்ட்டில் தண்ணீர், பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள். வாக்கர் சக்கரத்தில் சேறு, பேரிங் கிறீச்சிடுகிறது, தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மண் ஒட்டிக்கொள்ளும்.

இன்று மாற்றுத்திறனாளிகள் தினம் என்று பள்ளிக் குழுவில் வாழ்த்து வந்தது. வாழ்த்துக்குப் பதிலாக மெரினா பற்றி எழுதுகிறேன், நான்கைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணல்மேல் மரப்பாதை, 263 மீட்டர். 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள், இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது, மறுபடி சரிசெய்தார்கள். நாங்கள் நங்கநல்லூர் சாலை நிலையத்தில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி ஆட்டோ பிடிப்போம். இரண்டு நிலையத்திலும் லிஃப்ட் உண்டு.

அந்தப் பாதையில் எல்லோரும் நடக்கிறார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்குக் கோபம் இல்லை. தள்ளுவண்டியில் குழந்தை, மூட்டுவலிப் பாட்டி, செல்ஃபி எடுக்கும் கல்லூரிக் கூட்டம், நடுவில் என் மகன் "வழி, வழி" என்று கத்திக்கொண்டு போகிறான். மழை முழுதாக விட்டபின் போங்கள், காலையில்.

டிசம்பர் 14

குகேஷ் உலக சாம்பியன் ஆன ராத்திரியிலிருந்து எனக்கு இதுவரை வந்த அறிவுரை: "உங்க பையனுக்குச் செஸ் கத்துக்கொடுங்க, ஓடவே வேணாமே." அவனுக்குச் செஸ் பிடிக்காது. உட்கார்ந்து ஆடும் ஆட்டமெல்லாம் அவனுக்கென்றே படைத்தது மாதிரி பேசுகிறார்கள். என் மகள்தான் சேர்ந்திருக்கிறாள்.

ஜனவரி 12, 2025

பொங்கல் விளையாட்டு அறிவிப்பில் எங்கள் செயலாளர் ஆர்வத்தோடு ஒரு வரி சேர்த்திருந்தார்: "மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு ஊக்கப் பரிசு." அடுக்ககத்தில் அப்படி ஒரே ஒரு குழந்தை. மகன் போய் அவரிடம், "அங்கிள், நான் ஒருத்தன் மட்டும் ஆடி எப்படி ஜெயிக்கறது?" என்று கேட்டிருக்கிறான். அவர் நல்ல மனிதர், வரியை எடுத்துவிட்டு, அப்போ என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். என்னிடம் கேட்காதீர்கள், பிள்ளைகளிடம் கேளுங்கள் என்றேன்.

அவர்கள் முடிவு: உறியடிக்கு எல்லோருக்கும் கண்ணைக் கட்டி நாற்காலியில் உட்கார வைத்துப் பானையைத் தாழ்த்திக் கட்டுவது. எலுமிச்சை ஸ்பூன் கிடையாது. சாக்ஸ் பந்து ஆட்டம் உண்டு, பெரியவர்களுக்கும். ஓட்டப்பந்தயம் மட்டும் அப்படியே இருக்கட்டும், அதில் தான் 'ஒப்புக்கு' என்று இவனே சொல்லிவிட்டான். விசில் ஊதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். என் மாமியார் சாக்ஸ் பந்து ஆட்டத்தில் சேரத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார். கேழ்வரகு மூட்டையில் எலி வந்திருக்கிறது, பந்துகளை டப்பாவில் மூடி வைக்க வேண்டும்.